அண்ணனுக்கு வந்தது போலியோ அல்ல

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் இப்போது முதலில் கேட்பது, "உங்க அண்ணனுக்கு போலியோ சரியாப் பூடிச்சா?" என்பதுதான்.

அண்ணனுக்குப் போலியோ வரவில்லை. வந்ததாக நம்புகிறவர்களில் என் சித்தப்பா மகளும் ஒருத்தி. அவள் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் எடுக்கிறாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் விளக்கி ஓய்ந்துவிட்டேன். இந்தப் புரட்டாசியோடு அது நடந்து ஒரு வருடமாகிறது. எழுதிவிட்டால் ஊரில் உள்ளவர்கள் படித்துக்கொள்வார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் வேறு வேலை பார்க்க நேரம் கிடைக்கும் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்காக: நான் வசந்தி. நியூஸிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இங்கே நகர நூலகத்தில் புத்தகம் திருப்பித் தருகிறவர்கள் வந்து நிற்கும் மேசையில் எனக்கு வேலை. கணவருக்குப் பால்பவுடர் தொழிற்சாலையில் ஷிப்ட். ஒரே மகன், கவின். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். அண்ணன் தனசேகரன், உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் நெல் அரவை மில் வைத்திருக்கிறார். அண்ணி பெயர் சரளா. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அரிசி மில் வைத்திருக்கிற ஒருவர் அரிசி சாப்பிடுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

2

அண்ணனுக்கு என் மகனிடம் கொடுக்க ஒரே ஒரு பொருள்தான் இருந்தது, அரிசி. நாங்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் தன் மில்லில் அரைத்த பொன்னியை ஐந்து கிலோ பையில் போட்டுத் தைத்து, "எம் மருமவனுக்கு" என்று சொல்லித் தருவார். இங்கே எல்லாக் கடையிலும் அரிசி கிடைக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். "அது வேற அரிசி" என்பார்.

கடைசியாகப் போய்த் திரும்பியபோது ஆக்லாந்து விமான நிலையத்தில் அந்தப் பையைப் பிரித்தார்கள். இந்த நாட்டில் விதை, மண், தேன், செருப்பில் ஒட்டிய சேறு எல்லாவற்றுக்கும் அதிகாரி உண்டு. எங்களுக்கு வாய்த்த அதிகாரி ஒரு தட்டில் அரிசியைக் கொட்டி, கையுறை போட்ட விரலால் நிதானமாகத் தள்ளிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் உமி பிரியாத நெல் ஒன்றை எடுத்துக் காட்டினார். அரிசி என்றால் உணவு, நெல் என்றால் விதை. விதைக்கு அனுமதி இல்லை. ஐந்து கிலோவும் போயிற்று. அந்த அதிகாரி மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். எங்களுக்கு நன்றிகூடச் சொன்னார்.

இதை நான் அண்ணனிடம் சொல்லியிருக்கக் கூடாது. பை போனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. "எம் மில்லு அரிசியில நெல்லா?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே சல்லடையை மாற்றிவிட்டார் என்று அண்ணி சொன்னாள்.

மருமகனுக்கு இதெல்லாம் எட்டவில்லை. கவின் இங்கே பிறந்தவன். தமிழ் புரியும், பேசினால் தடுக்கும். மரியாதை ஒருமை பன்மையில் அவனுக்கு ஒரு கணக்கும் கிடையாது. மாமாவை "நீ" என்பான், பூனையை "நீங்க" என்பான். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அண்ணன் வருவார். கவினைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைப்பேன்.

"இன்னா நைனா, நல்லா கீறியா?"

"ஹாய் மாமா. நல்லா இருக்கேன்."

"சாப்ட்டியா?"

"ம். பை மாமா."

பிறகு திரையில் ஒரு காலி நாற்காலி தெரியும். அண்ணன் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, "சரி, நீ சொல்லு" என்று என்னிடம் வருவார்.

3

கவின் பள்ளிக்கூடத்தில் குண்டாக இருந்தான். அதற்காக அவன் பட்டதை எங்களிடம் சொல்லவில்லை. அவனுடைய வகுப்பு ஆசிரியை சொல்லித்தான் தெரியும். பல்கலைக்கழகம் போன முதல் வருடம் யாரோ நண்பன் சொல்லி பேலியோ உணவுக்கு மாறினான். பழைய கற்கால மனிதன் சாப்பிட்டதைச் சாப்பிடுவது. அதாவது அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை, டப்பாவில் வருவது எதுவும் கிடையாது. இறைச்சி, மீன், முட்டை, காய், பழம், கிழங்கு. பாலும் கிடையாது, கற்கால மனிதன் மாடு கறக்கவில்லையாம்.

எங்கள் வீட்டுக் குக்கர் ஓய்வு பெற்றது. பையன் இளைத்தான், நிமிர்ந்து நடந்தான். நான் வாயை மூடிக்கொண்டு கீரை ஆய்ந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் திரையில் அவனைப் பார்த்து, "இன்னா நைனா, பாதியாப் பூட்ட? சோறு போடறதில்லையா உங்கம்மா?" என்றார். கவின் பதில் சொல்ல ஆரம்பித்தான். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், மீதி கை. இருபது நிமிடம் ஆயிற்று. நான் நடுவில் எழுந்துபோய் துணி உலர்த்திவிட்டு வந்தேன். வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தான். அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அண்ணன் சொன்னார்: "நானும் ஆரம்பிச்சிட்டன்."

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. டாக்டரைக் கேட்டுச் செய்யச் சொன்னேன். "கேக்கறன், கேக்கறன்" என்றார். தெருவில் போகிறவர் வணக்கத்துக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

இங்கேதான் முதல் குழப்பம். கவினுடைய பேலியோவும் அண்ணனுடைய பேலியோவும் ஒன்றல்ல. கவின் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாப்பிடுவான், வாழைப்பழம் சாப்பிடுவான், நெய்யைத் தொடமாட்டான். அண்ணன் தமிழ் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அந்தப் பேலியோவில் கிழங்கு கிடையாது, பழம் கிடையாது. ஆனால் வெண்ணெய், நெய், பனீர், கை நிறைய வறுத்த பாதாம் உண்டு. மாவுச்சத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் விடுவதற்கும், அரிசியை மட்டும் விட்டுக் கிழங்கு சாப்பிடுவதற்கும் பெரிய வித்தியாசம், அதுவும் மாத்திரை போடுகிறவருக்கு. ஆனால் பேர் ஒன்றாக இருந்ததால் இருவரும் ஒரே சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதாகவே நினைத்து மாதக்கணக்கில் பேசினார்கள்.

"நைனா, இன்னிக்கி காலைல நாஷ்டா வெண்ண டீ."

"சூப்பர் மாமா. கூட கிழங்கு சாப்பிடு."

"ஆங்." அண்ணனுக்கு அது கருணைக்கிழங்கா, எந்தக் கிழங்கா என்று தெரியவில்லை. கேட்டால் பையன் தன்னை மட்டமாக நினைப்பான் என்று கேட்கவில்லை.

ஆனால் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவின் சரியாகவே சொன்னான். அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன். சாப்பாட்டில் மாவுச்சத்து குறைந்தால் சர்க்கரை மாத்திரையையும் டாக்டர் குறைத்துத் தர வேண்டியிருக்கும் என்று அவன் எங்கோ படித்திருந்தான். ஒருநாள் தீவிரமாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்:

"மாமா, நீ டேப்லட் கம்மி பண்ணணும். டாக்டர்கிட்ட கேளு. ரொம்ப முக்கியம்."

"சரி நைனா. நீ சொன்னா சரி" என்றார் அண்ணன்.

மாத்திரை விஷயம் முடிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

4

பேலியோ பற்றி மற்றவர்களின் கருத்துகள் அண்ணி மூலமாக எனக்கு வந்தன.

முதலில் அண்ணியின் கருத்து. சோறு கூடாது என்றதும் அவள் இட்லி ஊற்றினாள். "அரிசியாச்சே" என்று அண்ணன் தள்ளினார். "சோறுதானே வேணான்னீங்க, இது இட்லி" என்றாள். மறுநாள் கேழ்வரகுக் களி. அதுவும் தானியம் என்று அவர் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தக் காலத்து மனுசன் களி துன்னாம இன்னாத்த துன்னான்?" என்று கேட்டாள். அண்ணன் சொன்ன காலம் ஏர் பிடிப்பதற்கும் முந்தையது என்பதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஏர் இல்லாத காலம் ஒன்று இருந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

அண்ணியின் தம்பி பேலியோ என்றால் கறி மட்டும் என்று நினைத்துக்கொண்டு, அண்ணனுக்காகவே பிரியாணி வாங்கி வந்தார். உமி வாங்க வருகிறவர் கறியைப் பச்சையாகவா சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார். உண்மையில் அண்ணன் அதிகம் சாப்பிட்டது முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும்தான்.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் ஒருநாள் நெல் அரைக்க வந்த ஒருவர் மதியம் அண்ணன் டப்பாவைத் திறந்து பாதாமும் பனீரும் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டார். அவர் சொன்னது ஊரில் இப்படிச் சுற்றியது: "தனசேகர் மில்லு அரிசிய தனசேகரே துன்றதில்லையாம்."

அண்ணன் அரைத்துக் கொடுப்பதோடு, சில கடைகளுக்கு அரிசியும் போடுகிறார். இரண்டு கடைக்காரர்கள் அந்த மாதம் மூட்டை வேண்டாம் என்றார்கள். அவர்களில் ஒருவர் நேராகவே வந்து, "அரிசியில இன்னாத்தனா கலக்கறியா?" என்று கேட்டார். அப்பா காலத்திலிருந்து வருகிறவர். அண்ணன் மில்லை நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணிக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் மில் வாசலில் நின்று அவளே விளக்கம் சொன்னாள்: "அரிசியில ஒண்ணும் இல்ல. அவருக்கு பேலியோ. அதான் சோறு துன்றதில்ல."

பேலியோவுக்கும் போலியோவுக்கும் எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம். ஊர் அந்தக் காலைச் சேர்த்துக்கொண்டது. அண்ணனுக்குப் பல வருடமாகக் குதிகால் வலி; காலையில் எழுந்ததும் கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பார். இத்தனை நாள் யாரும் கவனிக்காத அந்த நடையை இப்போது எல்லோரும் கவனித்தார்கள். ஆளும் இளைத்திருந்தார். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அரிசி மேல் இருந்த சந்தேகம் அதோடு தீர்ந்தது. கடைக்காரர்கள் இருவரும் திரும்பி வந்தார்கள். ஒருவர் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்.

5

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், அங்கே நண்பகல். அண்ணியின் வீடியோ அழைப்பு வந்தது.

"வசந்தி, சுகாதார நர்சம்மா வந்து கீறாங்க. உங்கண்ணனுக்கு போலியோவாமே, கால பாக்கணுங்கறாங்க. நான் சொன்னா கேக்க மாட்றாங்க. நீயே சொல்லு." போனை அந்தம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

வீட்டை ஒட்டியிருக்கும் மில்லின் முன்னறை. நர்ஸ் அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும், தோளில் பை. சலிப்போடுதான் பேசினார். "எனக்குந் தெரியும்மா, இந்த வயசுல போலியோ இருக்காதுன்னு. ஆனா நாலு பேரு சொல்றாங்க. போலியோன்னு ஒரு வார்த்த காதுல வுழுந்துட்டா நான் பாத்தேன்னு மேல எழுதிக் குடுத்தாவணும். இல்லன்னா நாளைக்கி என்னைக் கேப்பாங்க."

நான் பேலியோ என்றால் என்னவென்று சொல்ல ஆரம்பித்தேன். சாப்பாட்டு மேசையில் எதிரே கவின் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் ஆம்லெட்டை வெட்டிக்கொண்டிருந்தான்.

"அய்யா, ரெண்டு காலையும் நீட்டுங்க" என்றார் நர்ஸ் அம்மா. போனை அண்ணி வாங்கிக்கொண்டாள். திரையில் அண்ணன் தெரிந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நாமம், வேர்வையில் கலைந்து மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. சட்டை மார்போடு ஒட்டியிருந்தது.

"கால நீட்டுங்க அய்யா."

"எந்தக் கால்?" என்றார் அண்ணன். பிறகு, "மூட்டைய ஏத்தியாச்சா?" என்றார். நாக்கு குழறியது. அங்கே மூட்டையும் இல்லை, லாரியும் இல்லை.

"காலைலேர்ந்து இப்டிதான் எரிஞ்சி எரிஞ்சி வுழறாரு" என்றாள் அண்ணி. "திருமுக்கூடல் பெருமாள் கோயிலுக்குப் போய்ட்டு இப்பதான் வந்தோம். வெயிலு."

நர்ஸ் அம்மா அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தார். குரல் மாறிவிட்டது. "இவருக்கு சுகர் கீதா?"

"கீது."

"காலைல மாத்திர போட்டாரா?"

"போட்டாரு."

"இன்னா சாப்ட்டாரு?"

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். புரட்டாசி என்பதால் முட்டை, கறி இல்லை. சனிக்கிழமை என்பதால் பெருமாளைப் பார்க்கும்வரை வெண்ணெய் டீயும் இல்லை. கோயிலில் புளியோதரை கொடுத்தார்கள். அரிசி என்று வாங்கவில்லை. சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். அரிசியோடு வெல்லமும் என்று அதையும் வாங்கவில்லை. நேற்று ராத்திரி பனீர் நாலு துண்டு. "ஒண்ணும் சாப்புடல" என்றாள்.

நர்ஸ் அம்மா பையிலிருந்து கருவியை எடுத்து விரலைக் குத்தினார். நாற்பத்திரண்டு; எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. "அய்யோ" என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "சர்க்கர எடுத்தாங்க, தண்ணியில கலந்து, நெறயா" என்றார். போனை மேசைமேல் ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அண்ணி ஓடினாள்.

கவின் எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

டம்ளர் வந்தது. அண்ணன் முகர்ந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். நர்ஸ் அம்மா கெஞ்சினார், பிறகு அதட்டினார். அண்ணன் அவர் கையைத் தட்டிவிட்டார். சட்டையெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். "சக்கர ஆவாது. வேணாம். எம் மருமவன் கோச்சிக்குவான்" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தது.

அண்ணி இரண்டாவது டம்ளரோடு நின்றாள். "இன்னாங்க, குடிங்க. உசுரு போற விசயம்ங்க." அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கண் சொருகத் தொடங்கியது. நான் அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டதாக ஞாபகம். பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு வேறு என்ன செய்வது?

கவின் என் தோளுக்கு மேலிருந்து குனிந்து போனைக் கையில் எடுத்தான்.

"மாமா. இங்க பாரு. நான் கவின்."

அண்ணன் தலையைத் திருப்பினார்.

"அதக் குடி மாமா. நான் கோச்சிக்க மாட்டேன். பேலியோவில இது ஓகே. இப்ப குடி. ஃபுல்லா."

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார். அண்ணி டம்ளரை உதட்டில் வைத்தாள். மெதுவாக விழுங்கினார். கவின் ஒவ்வொரு மிடறுக்கும், "இன்னும் மாமா, இன்னும்" என்றான். டம்ளர் காலியாகும்வரை போனைக் கீழே வைக்கவில்லை.

கால் மணி நேரத்தில் அண்ணனுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. நர்ஸ் அம்மாவைப் பார்த்து, "நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். மேற்கொண்டு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்று அவர் சொல்ல, வீட்டில் இருந்தது அண்ணி தொன்னையில் வாங்கி வந்திருந்த சர்க்கரைப் பொங்கல்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு அண்ணன் அரிசி சாப்பிட்டார். இந்த மாத்திரை போட்டவருக்குச் சர்க்கரை மறுபடியும் இறங்கும் என்று சொல்லி, ஆம்புலன்ஸ் வரவழைத்து, ஆஸ்பத்திரிவரை நர்ஸ் அம்மாவே கூடப் போனார். வந்த வேலையையும் விடவில்லை. ஆம்புலன்ஸில் வைத்து இரண்டு காலையும் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டாராம்.

6

ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அங்கே டாக்டர் சொன்னது நாங்கள் எதிர்பார்த்ததல்ல. சாப்பாட்டு முறையால் சர்க்கரை நன்றாகவே இறங்கியிருக்கிறது, ஆனால் பழைய அளவு மாத்திரையையே போட்டுக்கொண்டிருந்தால் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கும், அத்தோடு பட்டினியும் கிடந்தால் கேட்கவே வேண்டாம் என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இனி கேட்காமல் எதையும் நிறுத்தவும் கூடாது, ஆரம்பிக்கவும் கூடாது என்றார்.

திங்கட்கிழமை அண்ணன் வீட்டிலிருந்து பேசினார். கவின் வகுப்புக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, நான் சொன்னேன் இல்ல. டேப்லட் கம்மி பண்ணுன்னு. ஏன் பண்ணல?"

"பண்ணன் நைனா." அண்ணனுக்கு வருத்தமாக இருந்தது. "நீ சொன்ன அன்னிலேர்ந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல அத்த தொடறதேயில்ல. உங்க அத்தைய வேணா கேளு. பீரோவுல வெச்சிப் பூட்டிடறன். ஆனா அதுக்கு எதுக்கு டாக்டரக் கேக்கணும்னுதான் எனக்குப் புரியல. கண்ணுக்கு ஆவாதோன்னு நெனச்சன்."

அதற்கு முந்திய பொங்கலுக்கு ஊருக்குப் போன நண்பர் ஒருவர் கையில் நாங்கள்தான் அவருக்கு ஒரு டேப்லட் வாங்கி அனுப்பியிருந்தோம். பேலியோ வீடியோ எல்லாம் அதில்தான் பார்ப்பார். அதை அவர் குறைத்துக்கொண்டார். மாத்திரையை மாத்திரை என்றுதான் அவருக்குத் தெரியும்.

கவின் என்னைப் பார்த்தான். "மாத்திரை" என்றேன். அவன் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

ஊரில் இன்னொரு வேலை பாக்கியிருந்தது. போலியோ என்ற பேச்சு எப்படியோ மேலிடம்வரை போய்விட்டிருந்தது. ஒரு வாரம் கழித்துக் காஞ்சிபுரத்திலிருந்து மூன்று பேர் ஜீப்பில் வந்தார்கள். அண்ணனை மில்லின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கச் சொன்னார்கள். நடந்தார். குதிகால் வலியை மறைக்க நிமிர்ந்து நடந்ததில் இன்னும் சந்தேகமாகி, மறுபடி நடக்கச் சொன்னார்கள். நெல் அரைக்க வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். இல்லை என்று எழுதிக்கொண்டு அவர்கள் போனார்கள். ஜீப்பே வந்துவிட்டுப் போனதால், இருந்தது உண்மைதான் என்று ஊர் முடிவு செய்தது.

7

இத்தோடு விட்டுவிட்டு மூன்று வேளை சோறு சாப்பிடுங்கள் என்று நான் அண்ணனிடம் சொன்னேன். அண்ணியும் சொன்னாள். டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடர்கிறேன், மதியம் மட்டும் ஒரு கரண்டி சோறு, மற்றது அப்படியே என்று பிடிவாதமாக இருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் அண்ணி தனியாக அழைத்தாள்.

"உங்கண்ணன் எதுக்கு இத்த புடிச்சி தொங்கிகினு கீறாருன்னு உனக்குத் தெரியுமா, வசந்தி?"

"சர்க்கரை குறையுதுன்னுதானே?"

"அது அப்பறம் வந்தது. எனக்கும் இப்பதான் சொன்னாரு. பையன் முன்னெல்லாம் ஹாய் மாமா, பை மாமா, அவ்ளோதான். இத்த ஆரம்பிச்சதுக்கு அப்பறந்தான் அரை மணி நேரம் ஒக்காந்து பேசறான். 'இதையும் வுட்டுட்டா அவங்கிட்ட நான் இன்னாத்த பேசறது? எனக்குத் தெரிஞ்சது அரிசி. அவன் அரிசியே துன்றதில்ல'ன்னாரு. ஒரு மனுசன் பேசறதுக்கோசரம் பட்டினி கெடப்பானா? நீயே சொல்லு."



அன்று மாலை கவின் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போது அதை அவனிடம் சொன்னேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன். அவன் ஆங்கிலத்தில், "முட்டாள்தனம்" என்றான். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. கழுவிய தட்டையே திரும்பக் கழுவிவிட்டு அறைக்குப் போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடாமலேயே வந்து போனை எடுத்துக்கொண்டு போனான். கதவு சாத்தவில்லை.

"மாமா, இன்னிக்கு என்ன பண்ணின?"

மறுமுனையில் அண்ணன் தடுமாறினார். "காலைல ரெண்டு முட்ட, வெண்ண—"

"சாப்பாடு இல்ல மாமா. வேற. நாள் ஃபுல்லா என்ன பண்ணின?"

"இன்னா பண்றது நைனா? மில்லுதான்."

"மில்லுல என்ன ஆச்சு?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் அண்ணனிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பிறகு தயங்கித் தயங்கி, காலையில் மின்சாரம் போனதையும், லைன்மேன் வருவதாகச் சொல்லி வராததையும், தவிடு வாங்குகிறவரும் அவருடைய மச்சானும் எடை மேடைப் பக்கத்தில் கைகலந்ததையும் சொல்ல ஆரம்பித்தார். கவின் நடுவில், "ஏன்?" என்றான். அதற்குப் பதில் சொல்ல அண்ணன் தவிட்டுக்காரர் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இது நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. அண்ணன் நன்றாக இருக்கிறார். மதியம் ஒரு கரண்டி சோறு, சரியான மாத்திரை. கவின் இன்னும் அரிசி சாப்பிடுவதில்லை. அவர்கள் இருவரும் சாப்பாட்டைப் பற்றி இப்போது அதிகம் பேசுவதாகத் தெரியவில்லை. நான் போனைத் தேடினால் பெரும்பாலும் அவன் அறையில் இருக்கும். ஊர்ச் செய்தி எனக்கு இப்போது மகன் மூலமாகத்தான் வருகிறது.

போன வாரம் நூலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கவின் அறையிலிருந்து வந்து, "தவிட்டுக்காரரு மறுபடி மச்சான்கிட்ட பேச மாட்டாராம்மா" என்றான்.

"ஏன், என்ன ஆச்சு?" என்றேன்.

அவன் பிரிட்ஜைத் திறந்து முட்டையை எடுத்தான்.

"அது பெரிய கத" என்றான். "அந்த ஊர்ல இருந்தாதான் புரியும்."